டிப்பிள் பண்ணுவாருங்க

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய வீட்டார் இன்னும் சிங்காநல்லூரில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்த வரைக்கும் போதும்.

கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ‘லெட்டர் சார்’. எங்களுடையது தண்ணீர் பம்பு செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் கம்பெனி. பம்பு செய்வதற்கு ஊர்ப்பட்ட ஆள் இருந்தார்கள். அந்தப் பம்பைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி தப்பில்லாமல் எழுத அவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு எதிர் மேசையில் நான் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். கம்ப்யூட்டர் அவருக்கும் தெரியும். ஆனால் மின்னஞ்சலைக்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி சொன்னால்தான் அவருக்கு வார்த்தை வரும்.

ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, கருநீலப் பேண்ட், வாரத்தில் ஆறு நாளும் அதேதான். சட்டைப்பையில் பேனாவோடு ஒரு சின்னப் பொட்டலம் ஏலக்காய் இருக்கும். கிட்டே போனால் பாயச வாசனை வரும். சேர்ந்த புதிதில், ‘ஏலக்காய் மேல் இவ்வளவு பிரியமா இந்த மனுஷனுக்கு’ என்று நினைத்தேன். எவ்வளவு வெள்ளந்தியாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

அவருடைய மேசையில் ஒரு பச்சை ஃபிளாஸ்க் இருக்கும். காலை பதினொரு மணிக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை அதன் மூடியில் ஊற்றிக் குடிப்பார். சேர்ந்து ஒரு மாதம் கழித்து, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், “என்னங்க சார், கஷாயமா?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டார்.

“இது பேரு டிப்பிள் அம்மணி. இங்கிலாந்துல இருந்து நம்ம கம்பெனிக்கு ஒரு பெரியவர் வருவாருங்க. தண்ணித்தொட்டி கட்டற தொழில் பண்ற வெள்ளக்காரர். அவரு சொல்லிக்குடுத்த வார்த்தை. டிரிங்க்குன்னா பொதுவாக் குடிக்கறது. பூஸுன்னா மட்டமாக் குடிக்கறது. டிப்பிளுன்னா அப்படியில்ல. கொஞ்சமா, அளவா, அழகா, தெனமும். பெயர்ச்சொல்லாவும் வரும், வினைச்சொல்லாவும் வரும். ‘ஹி என்ஜாய்ஸ் எ டிப்பிள்.’ எழுதிப் பாத்துக்குங்கோ.”

நான் எழுதிப் பார்த்தேன். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அகராதியில் தேடினேன். அவர் சொன்னது சரிதான். கொஞ்சமாக, ஆனால் வழக்கமாகக் குடிப்பது என்று போட்டிருந்தது. அவர் சொன்ன எந்த வார்த்தையும் தப்பாக இருந்ததில்லை. ‘கொஞ்சம்’ என்பதை மட்டும் அவர்தான் அளந்துகொண்டிருந்தார்.

எந்த அசிங்கத்துக்கும் அவரிடம் ஒரு சுத்தமான வார்த்தை இருந்தது. அதுதான் அவர். ஒரு முறை ஆப்பிரிக்காவுக்குப் போன பம்புகளில் பாதி, உடம்பு விரிசல் விட்டு ஒழுகின. அங்கிருந்து வந்த மின்னஞ்சலைப் படித்தால் காது கூசும். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவர் பதினொரு மணி ஆகட்டும் என்று காத்திருந்து, மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தார். முக்கால் பக்கம் சொன்னார். அதில் விரிசல் என்ற சொல்லே இல்லை, ஒழுகல் இல்லை, தவறு இல்லை. மேற்பரப்பில் காணப்பட்ட ஒரு சிறு மாறுபாடு, அதை எங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த உங்கள் பெருந்தன்மை, இப்படியே போனது. நாலாம் நாள் அந்த வாடிக்கையாளர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். வார்ப்படப் பிரிவு ஃபோர்மேன் அதைக் கேட்டுவிட்டு, “சாருக்கு விட்டா பொணத்தக்கூட ‘கொஞ்சம் அசதியா இருக்காரு’ன்னு எழுதிப்போடுவாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அதை மறைக்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது, ஆபீஸில் யாராவது அதைப்பற்றி என்னிடம் கேட்டால், இவர் முந்திக்கொண்டு, “சொந்தமா ஒண்ணு தொடங்கறதுக்குத் திட்டம் போட்டுட்டிருக்காருங்க” என்பார். அப்படி ஒரு திட்டமும் கிடையாது. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் இரண்டு வருஷத்தை ஓட்டினேன். அடுத்தவர் மானத்தையும் தன் மானம்போலக் காப்பாற்றுகிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எட்டாவதோடு நின்றவர். ஆனால் அந்த வார்த்தையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் அவசரமாக ஏதாவது கேட்பதற்குப் போன் செய்தால் அக்காதான் எடுப்பார். “அவரு டிப்பிள் பண்ணிட்டிருக்காருங்க கண்ணு. காலையில பேசிக்கலாமா?” என்பார். பூஜையில் இருக்கிறார் என்று சொல்வதுபோல இருக்கும். தட்டில் வறுத்த கடலையும் நறுக்கிய வெள்ளரியும் அவர்தான் கொண்டுபோய் வைப்பார். கடைக்கு சாரே ஆபீஸ் பையோடு போவார். வாங்கியதை இங்கிலீஷ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்து வீடுகளும் அந்த வார்த்தையைப் பழகிக்கொண்டன. தெரு முனையில் விழுந்து கிடக்கும் பெயிண்டர் குடிகாரன். சார் டிப்பிள் பண்ணுகிறவர்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். வெள்ளகோவில் பக்கத்தில் அவருடைய பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போயிருந்தோம். பந்தியில் ஒரு வயசான ஆள், சாரைப் பார்த்ததும் சத்தமாக, “ஏனுங்க, சாராயக்காரன் மகன்தானே நீங்க? உங்கய்யன் இந்த வீதியிலதானே கோமணமில்லாம கெடந்தான்?” என்றார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சார் இலையை மடித்தார். கை கழுவினார். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காங்கயம் தாண்டியது. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “எங்கய்யன் குடிகாரன் அம்மணி. நான் அப்படியில்ல” என்றார். நான் தலையாட்டினேன். அன்று காலை வேனில் ஏறும்போதே அவர் பையில் ஃபிளாஸ்க் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

பதினொரு மணிக்கு முன்னால் அவரைப் பார்த்தவர்கள் கம்பெனியில் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். மற்றவர்கள் வேலையாக மேலே வருவதற்குள் பதினொன்று ஆகிவிடும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். கையெழுத்துப் போட வேண்டிய தாளை ஓரமாக நகர்த்தி, “அப்புறமேட்டுக்குப் போட்டுக்கலாங்க” என்பார்.

ஒரு நாள் பதினொரு மணிக்குப் பையைத் திறந்தவர் அப்படியே நின்றார். “ஃபிளாஸ்க்க மறந்துபோட்டனுங்க” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மேல் விரல் நடுங்க ஆரம்பித்தது. ஒரு மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. மின்விசிறி அவர் தலைக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ‘டியர் சார்’ என்று தொடங்கிவிட்டு அடுத்த வார்த்தை கிடைக்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார். பின்னால் கட்டிய கைகள் ஒன்றையொன்று பிடித்தும் நிற்கவில்லை. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் போனேன். அக்கா கதவைத் திறந்தபோதே ஃபிளாஸ்க் கையில் இருந்தது. துடைத்து, மூடியை இறுக்கி, துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

“நீங்க வருவீங்கன்னு தெரியுங்க கண்ணு. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

“சொல்லமாட்டேங்க்கா.”

நானே கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். பத்து நிமிஷத்தில் கை நின்றது. பழைய மனுஷனாகித் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்க விட்டோமுங்க அம்மணி?” என்றார். நான் தட்ட ஆரம்பித்தேன்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் அந்த உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பின்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அவருக்கு ஒரே மகள். பெருந்துறையிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், அமைதியான பையன். மகளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. பையனுடைய தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் தொட்டதில்லையாம். பொண்ணு பார்க்க வந்தபோது பையனின் அப்பா நகை பற்றியோ நிலம் பற்றியோ வாய் திறக்கவில்லை. “ஒண்ணே ஒண்ணுதானுங்க. சம்பந்தி குடிக்கறவரா இருக்கக்கூடாது. அது ஒண்ணு எங்க ஊட்டுக்கு ஆவாதுங்க” என்று மட்டும் சொன்னாராம். அக்கா, “எங்க ஊட்டுல குடியே கெடையாதுங்க” என்று சொல்லிவிட்டார். மறுநாள் இதை ஆபீஸில் என்னிடம் சொன்னபோது சார் முகத்தில் பெருமை இருந்தது. அவர்கள் வீட்டில் குடி கிடையாதுதான். அவர் அதை முழுசாக நம்பினார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு ஆபீஸுக்கு வரும் வழியில், சிக்னலுக்குப் பக்கத்தில் ஜல்லி வழுக்கி அவருடைய ஸ்கூட்டர் சாய்ந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. வேறு ஒரு கீறல்கூட இல்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன், கம்பி வைக்க வேண்டும், பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வந்துவிடும். வராவிட்டால் அதைப் பத்து வருஷம் பேசுவார்கள். மத்தியானத்துக்குள் பெருந்துறைச் சம்பந்தி வீட்டார் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றார்கள். கட்டிலைச் சுற்றி அக்கா, சம்பந்தியும் அவர் மனைவியும், அக்காவின் தம்பியும் அவர் மனைவியும், நான். ஆறு பேர். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். வலிக்குப் போட்ட ஊசியில் சாருடைய கை நடுக்கம் வெளியே தெரியவில்லை.

அப்போது ஒரு சின்ன வயசு டாக்டர், கையில் அட்டையோடு வந்தார். நாளைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், சில கேள்விகள் என்றார். எல்லோரும் மரியாதையாக அரை அடி பின்னால் நகர்ந்தோம். வெளியே போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. போகச் சொல்ல டாக்டருக்கும் தோன்றவில்லை. சர்க்கரை உண்டா? இல்லை. ரத்த அழுத்தம்? லேசாக. சிகரெட்? தொட்டதில்லை.

“டிரிங்க்ஸ்?”

சார் தலையணையில் தலையைச் சற்று உயர்த்தினார். அந்த வலியிலும் சிரித்தார். “ஆன் அக்கேஷனல் டிப்பிள், டாக்டர்.”

“அப்படின்னா?” என்று கேட்டபடி டாக்டர் நிமிர்ந்தார். யாரிடம் கேட்பது என்று சுற்றிலும் பார்த்து, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்டிருந்த என்னிடம் வந்து நின்றது அவர் பார்வை. “மேடம், இவர் ரெகுலரா குடிப்பாரா? கரெக்டா சொல்லுங்க, இது முக்கியம்.”

அக்கா என்னைப் பார்த்தார். சம்பந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சார் என்னைப் பார்த்த பார்வையை நான் ஒன்பது வருஷமாக அறிவேன். பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, மீதியை நானே சரியாகத் தட்டிவிடுவேன் என்று நம்பி நிற்கும்போது பார்க்கிற பார்வை.

“இல்லீங்க டாக்டர். எப்பவாச்சும் விசேஷத்துக்கு ஒரு வாய். பழக்கமுன்னெல்லாம் சொல்ல முடியாதுங்க.”

ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. நல்ல மாணவி நான். டாக்டர் எழுதிக்கொண்டார். சார் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சாத்துக்குடி உரிக்கத் தொடங்கினார்.

இதோடு முடிந்திருந்தால்கூட, கூட்டத்தில் வாய் வரவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் கீழே போக லிஃப்டுக்கு நின்றபோது அதே டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் நானும் மட்டும்தான். லிஃப்ட் வர நேரமானது. ‘டாக்டர், தினமும் குடிப்பார், நிறுத்தினால் நடுங்குவார்’ என்று நான் சொல்லியிருக்கலாம். பதினாறு நாளைத்தான் நினைத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தேன். லிஃப்ட் வந்தது. “நல்லாப் பாத்துக்குங்க டாக்டர்” என்றேன். “கவலைப்படாதீங்க மேடம், சிம்பிள் ஆபரேஷன்தான்” என்றார். இரவு அக்காவுக்குப் போன் செய்து, “டாக்டர்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லிருங்க்கா” என்று கேட்டேன். “சொல்லிக்கறனுங்க கண்ணு” என்றார். அவர் சொல்லமாட்டார் என்று அவர் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. பாரத்தை இறக்கி வைத்தாயிற்று என்று படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த நாள் காலை பார்க்கப் போனபோது வியர்த்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சாயங்காலம் கை நடுங்கியது. அதற்கும் மறுநாள் அவர் சுவரில் யாரோ வரிசையாக நடப்பதாகச் சொன்னார். போர்வையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினார். இரண்டு கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டிய கையோடு, கண் எங்கோ நிலைகுத்த, “டியர் சார்... டியர் சார்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த வார்த்தை கடைசிவரைக்கும் வரவில்லை. 

அந்தச் சின்ன டாக்டர் ஓடி வந்தார். அவரோடு பெரிய டாக்டரும் வந்தார். வராந்தாவில் வைத்து, மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“குடிப்பாருங்க. தெனமும் குடிப்பாருங்க. இருபது வருசமாக் குடிக்கறாருங்க.”

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அக்கா அவரைப் பற்றி அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். பெரிய டாக்டர் கோபப்படவில்லை. “முன்னாடியே சொல்லியிருந்தா முதல் நாளே மருந்து ஆரம்பிச்சிருப்போமேம்மா. இது சாதாரணமாத் தடுக்கிற விஷயம்” என்றார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று மாலை வலிப்பு வந்தது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டது. ஆறாம் நாள் விடிகாலையில் போய்விட்டார்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார் முதலாளி. அவர் மேசையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். விபத்தில் ஏற்பட்ட காயத்துக்குச் சிகிச்சை பெற்றபோது எதிர்பாராத சிக்கலால் காலமானார் என்று எழுதினேன். அவர் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். கிறிஸ்தவளான நான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டவர் மன்னிப்பார் என்றார். ஆண்டவர் மன்னிக்கலாம், காலியான எதிர் மேசையைத் தினமும் பார்க்க வேண்டியது நான்தானே.

முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்துச் சாப்பிட்டு எழுந்தபோது பெருந்துறைச் சம்பந்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்களே தவிர நிறுத்தவில்லை. வராந்தாவில் அக்கா கதறியதை, அன்று பார்க்க வந்திருந்த அவரும்தான் கேட்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பொய் சொன்னவள் நீதானே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும், யாராவது கேட்கட்டும் என்றும் இருந்தது. நானே முந்திக்கொண்டேன்.

“நான் அன்னிக்கு டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேனுங்க. உங்களை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றதுன்னு...”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏனுங்க அம்மணி, விசாரிக்காமயா பொண்ணெடுப்போமுங்க? பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாடியே உங்க கம்பெனி வாட்ச்மேன்கிட்ட, அந்தக் கடையில, எல்லாப் பக்கமும் விசாரிச்சுப்போட்டுத்தான் வந்தமுங்க. எல்லாந் தெரியுமுங்க. பையனுக்குப் புள்ளையப் புடிச்சிருச்சு. ஒரு வார்த்தை கேட்டு வெச்சா மனுசன் கொஞ்சம் கொறைச்சுக்குவாருன்னுதானுங்க கேட்டேன்.”

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அன்னிக்கு நீங்க சொல்றப்ப எனக்கும் சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. உங்க பேச்ச நான் மறுத்துச் சொன்னா, படுத்துக் கெடக்கற மனுசனுக்குச் சங்கட்டமாப் போயிருமேன்னு, சன்னலுக்கு வெளிய பாத்துட்டு நின்னுபோட்டனுங்க.”

அக்காவின் தம்பிக்குத் தெரியும். கடையிலிருந்து சாரை அவர்தான் சில நாள் வண்டியில் கூட்டி வருவார். தம்பி மனைவிக்கும், சம்பந்தியின் மனைவிக்கும் தெரியும். அன்று கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றோம். ஆறு பேருக்கும் தெரியும். கேட்டுக்கொண்டு நின்ற அந்தச் சின்ன டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியாது.